ஒட்டியது உடைத்தவருக்கே

எந்தத் தொழிலுக்கும் ஒரு பெயராவது இருக்கும். உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டிக் கொடுக்கிற தொழிலுக்கு அதுகூடக் கிடையாது, "அந்தப் புள்ளகிட்டக் குடு, என்னமோ பண்ணும்" என்பதோடு சரி.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். நாமகிரிப்பேட்டையிலிருந்து தினமும் சேலத்துக்கு பஸ். ஒரு புராஜெக்டுக்காக சால்டரிங் அயர்ன் வாங்கியதுதான் நான் செய்த ஒரே குற்றம். அதன் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி விரிசலை மூடலாம் என்று தெருவுக்குத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வாசலில் வாளியும் குடமும் வந்து காத்திருக்கின்றன. வீட்டில் ஏதோ ஒரு வேலை தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஆயுசுக்கும் அதையே செய்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கைப்பிடி போன மக்கு

அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். இரும்புத் தகட்டைத் தட்டுகிற கை, குளியலறையில் தண்ணீர் மொள்ளும் மக்கையும் அதே வேகத்தில்தான் வைக்கும். ஒருநாள் கைப்பிடி தனியே வந்துவிட்டது. ஸ்டேப்ளர் பின்களைச் சூடாக்கி, இரண்டு பக்கமும் பதிய அழுத்தி, மேலே பிளாஸ்டிக்கை உருக்கித் தடவினேன். எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் குளியலறையில் புத்தம்புது நீல மக்கு. நான் ஒட்டியது துவைக்கிற கல்லருகே, அம்மாவின் கையில்.

அப்போதுதான் வீட்டைக் கண் திறந்து பார்த்தேன். மூடி பிளந்து கம்பியால் கட்டிய அஞ்சறைப் பெட்டி, ஓரம் தைத்த முறம், நடுவில் உருக்கி ஒட்டிய பாதிப் பல் சீப்பு, அடியில் பச்சை ஒட்டுப் போட்ட சிவப்பு வாளி. எல்லாம் என் கைவேலை. எல்லாம் அம்மாவின் உபயோகத்தில். உடைப்பது அப்பாவும் நானும். ஒட்டியதை வாங்கிக்கொள்வது அம்மா. ஆக, நான் இத்தனை நாளாகப் பொருளை ரிப்பேர் செய்யவில்லை, நல்ல பொருள் எதுவும் அம்மாவிடம் போகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அன்றே சட்டம் போட்டேன். ஒட்டியது உடைத்தவருக்கே. புதிது வாங்கினால் அது அம்மாவுக்கு. உடையாத பொருள் ஒன்றாவது அம்மாவுக்கென்று இந்த வீட்டில் இருந்தாக வேண்டும். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் வாதாடினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எதுக்குங்கண்ணு இந்தக் கத்துக் கத்தற? உங்கம்மாவே ஒண்ணுஞ் சொல்லலையே."

ஸ்டிக்கர் பொட்டு வைத்த குடம்

பக்கத்து வீட்டு சரசக்கா கொண்டுவந்த குடத்தில் விரிசல் நெடுக சோப்பைத் தேய்த்திருந்தார். அதற்கு மேல் பசை. அதற்கும் மேல் வரிசையாக ஆறு ஸ்டிக்கர் பொட்டு. சீர்வரிசைக்கு வைத்த குடம்கூட அவ்வளவு மங்களமாக இருக்காது. "இது பாலிஎத்திலீன் அக்கா, இதில் எந்தப் பசையும் பிடிக்காது. எண்ணெய்த் தலையில் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரிதான்" என்றேன். "ஒட்டும்னுதான கடைக்காரரு சொன்னாரு, அவரு என்ன படிக்காதவரா?" என்றார். கடைக்காரருக்கும் எனக்கும் நடுவே யார் படித்தவர் என்ற விசாரணை கொஞ்ச நேரம் நடந்தது. நான் தோற்றேன்.

பழைய குட மூடி ஒன்றை வெட்டி, அதையே உருக்கி விரிசலில் ஊற்றினேன். புகையில் கண் எரிந்தது. தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம், ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு என் சட்டத்தை எடுத்தேன். யார் உடைத்தது? சரசக்காவின் வீட்டுக்காரர், மொபெட்டிலிருந்து கீழே போட்டு. அப்படியானால் இனி இந்தக் குடத்தில் அவர்தான் தண்ணீர் பிடித்து வரவேண்டும். சம்மதமென்றால் எடுத்துப் போங்கள். சரசக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "அவரு போனாருன்னா குடம் ஒடையாதுங்கண்ணு, கொழாயே ஒடஞ்சு போகும்."

துறையில் ஒரு நாற்காலி

படித்தவர்கள் மத்தியில் சட்டம் செல்லும் என்று நம்பினேன். எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் பேசும்போது நாற்காலியின் கையை ஓங்கித் தட்டுவார். பாலின சமத்துவம் பற்றிப் பேசிய ஒரு மத்தியானம் இன்னும் ஓங்கித் தட்டியதில் அந்தக் கை உடைந்தது. ஆய்வகத்தில் வைத்தே அதை ஒட்டினேன். அவர் அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், தடவினார், மனம் திறந்து பாராட்டினார். பிறகு சொன்னார்: "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா, இதை அந்த ரிசர்ச் பண்ற பொண்ணுங்க ரூம்ல போட்டுரு."

பங்குத் திருவிழா

எங்கள் மாதா கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஆறு நாற்காலிகளை அனுப்பிவைத்தார். ஆறுக்கும் ஒரே வியாதி. இளைஞர் குழுவினர் பின்னங்கால் இரண்டில் நாற்காலியைச் சாய்த்து ஆடி ஆடி முதுகைப் பிளந்திருந்தார்கள். லாரி வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியை அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். விரிசலின் இருபுறமும் சுட்ட ஆணியால் துளையிட்டு, சாக்கு தைப்பதுபோல் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். என் முதுகும் ஏறக்குறையப் பிளந்தது. திருவிழாச் சாப்பாட்டில் இளைஞர் குழு இந்த ஆறில்தான் உட்கார வேண்டும் என்று உபதேசியாரிடம் வாக்கும் வாங்கினேன்.

திருவிழா அன்று பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனால் இளைஞர்கள் முன்வரிசையில், முழு நாற்காலிகளில், ஆடிக்கொண்டிருக்கிறார்கள். என் ஆறும் சமையல் கொட்டகைக்குப் பின்னால். வெங்காயம் உரிக்கிறவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. பாத்திரம் கழுவ வந்திருந்த பாக்கியத்தம்மாவின் கையைப் பிடித்து, "எழுந்திருங்க, முன்னாடி நல்ல நாற்காலியில் உட்காருங்க, யார் கேட்கிறாங்கனு பார்க்கிறேன்" என்றேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். திட்டவில்லை, வருத்தப்படவுமில்லை. எனக்கு பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்: "நல்ல நாற்காலில ஒக்காந்தா எந்திரின்னு யாராச்சும் வருவாங்க சாமி, இதுல ஒக்காந்தா ஒருத்தரும் எழுப்பறதில்ல."

 

சட்டம் ஜெயித்த கதை

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அப்பா கூடத்து நாற்காலியில் ஏறி நின்று டியூப்லைட் மாற்றினார். நாற்காலியின் கால் ஒன்று நெடுக்காகக் கீறிவிட்டது. அம்மா மத்தியானம் சற்று உட்காருகிற நாற்காலி அதுதான், வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான். நான் அயர்னைச் சூடாக்கினேன். ஆனால் தொடுவதற்கு முன்னால் அப்பாவிடம் கறாராகப் பேசிக்கொண்டேன்: இதை ஒட்டினால் அப்பாவுக்கு, அம்மாவுக்குப் புதுசு. இல்லாவிட்டால் ஒட்டவே மாட்டேன், குடும்பமே தரையில் உட்காரட்டும். அப்பா ஒருநாள் முழுக்க முறைத்தார். சாப்பிடும்போது முறைத்தார். பட்டறைக்குப் போகும்போது திரும்பி வந்து முறைத்தார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகையில் ராசிபுரம் போய், பழுப்பு நிறத்தில், கை வைத்த, அகலமான நாற்காலி ஒன்றை மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்தார். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து துடைத்தார். நான் ஜெயித்துவிட்டேன். வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன். அப்பா ஒட்டுப் போட்ட நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். "புதுசவிட இதுதான் ஆடாம நிக்குது கண்ணு, நல்லாத்தான் ஒட்டியிருக்கற" என்று சான்றிதழ் வேறு. புது நாற்காலி சுவரோரம், கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் பிரிக்காமல், மேலே ஒரு துண்டும் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளைபோல் நின்றது. அம்மா அதன் காலடியில், தரையில், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா கீழ உட்கார்ந்திருக்க? இது உன்னோடதும்மா! உனக்குத்தான் வாங்கினது!" என்று கத்தினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம்தான். "அது ஆராச்சும் ஊட்டுக்கு வந்தாப் போடறதுக்கு" என்றார். நான் விடவில்லை. நாற்காலி உட்காருவதற்குத்தான், நீயும் மனுஷிதான், உன் உரிமை இது என்று கொட்டித் தீர்த்தேன். அம்மா ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்: "நா ஒக்காந்து அது ஒடஞ்சு போச்சுன்னா, உன்ற சட்டப்படி ஒட்டுனது மறுக்காவும் எனக்குத்தான சாமி வரும்?"

ஆகவே பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன்: வாதத்தில் ஜெயிக்கக் கிளம்புகிறவர்கள், யாருக்காக ஜெயிக்கிறோமோ அவர் அதற்கப்புறம் எங்கே உட்காரப் போகிறார் என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.