ஒன்றரைக் கட்டை

எங்கள் மெல்லிசைக் குழுவில் என் மனைவிக்குப் பெயர் 'ஆறு கட்டை'. கட்டை என்பது சுருதியின் அளவு. எண் ஏற ஏறக் குரலும் உயரே போக வேண்டும். ஆறில் நின்று அசராமல் பாடுவாள். கல்யாணமான புதிதில் இது தெரியாத என் அம்மா, "என் மருமக குள்ளமா இருந்தா உங்களுக்கென்ன?" என்று குழுவோடு சண்டைக்கே போய்விட்டாள்.

பகலில் அவளுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. ஐந்து நாளும் பிள்ளைகளை 'உஷ்' என்று அடக்கிவிட்டு, வாரக்கடைசியில் மேடையேறி மண்டபத்தையே கிடுகிடுக்க வைப்பாள். நான் கீபோர்டு, அவள் தம்பி கிடார். அவளை எதிர்த்துப் பேச எங்கள் இருவருக்கும் வாய் கிடையாது.

போன வருஷம் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், பாட்டின் உச்சியில் அவள் குரல் பிசிறியது. வந்தவர்கள் சாப்பாட்டில் மும்முரமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்து, ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் பாத்திரம் கழுவினாள். பாடாமல் அவள் பாத்திரம் கழுவி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நிகழ்ச்சியில் கீபோர்டின் சுருதிப் பொத்தானை ஒரு தடவை கீழே தட்டினேன். அரைக் கட்டை இறங்கியது. மச்சானுக்குக் கண்ணைக் காட்ட, அவனும் கிடாரை இறக்கிக்கொண்டான். அவள் ஜோராகப் பாடினாள். "பாத்தீங்களா, அன்னிக்கு வெறும் சளிதான்" என்றாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தட்டு. பிறகு மூன்றாவது. ஆறு கட்டை நாலரைக்கு வந்தது அவளுக்கு மட்டும் தெரியாது.

பேசும்போதே குரல் கரகரக்கத் தொடங்கியதும், நச்சரித்துக் குரல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண்ல லேசா வீக்கம் இருக்கு. அது பாட்டை எவ்வளவு பாதிக்குதுன்னு பாடறவங்கதான் சொல்லணும். இதுக்கு மார்க் போட்டுக் குடுங்க."

தாளில் வரிசையாக வாக்கியங்கள். ஒருபோதும் இல்லையென்றால் பூஜ்யம், எப்போதும் என்றால் நாலு. 'உயரமான இடங்களைப் பாடச் சிரமப்படுகிறேன்.' பூஜ்யம். 'என் குரலை நம்பிப் பாட முடிவதில்லை.' பூஜ்யம். பரீட்சையில் எல்லாம் தெரிந்த பிள்ளை மாதிரி மடமடவென்று போட்டுக்கொண்டே போனாள். மொத்தம் ஆறு.

"பேருக்கேத்த மார்க்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப பயமில்ல. வழக்கம்போல பாடுங்க, அடுத்த வருஷம் வந்து காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

இதே குரலோடு இன்னும் ஒரு வருஷம் பாடினால் வீக்கம் என்ன ஆகும்?

"டாக்டர், அவ பொய் எழுதல. ஆனா அது நிஜமும் இல்ல" என்று ஆரம்பித்து, பொத்தான் கதையை ஒப்பித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எவ்வளவு?"

"ஒன்றரைக் கட்டை."

"தம்பிக்குத் தெரியுமா?"

"ட்ரம்ஸ்காரர் வரைக்கும் தெரியும்."

"ட்ரம்ஸுக்கு எதுக்குங்க சுருதி? அவர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவிக்கு முதலில் கண் கலங்கியது, பிறகு மூக்கு சிவந்தது. மூக்கு சிவந்தால் கோபம் என்று எனக்குத் தெரியும். "அன்னிக்கு நீ பேசாம பாத்திரம் கழுவினியே, அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றேன்.

பேனாவை வாங்கி, முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை மெதுவாக. கண்ணை மூடி, எதையோ மனசுக்குள் பாடிப் பார்த்து, பிறகு பூஜ்யத்தை அடித்துவிட்டு மூன்று போட்டாள். அடுத்ததற்கு நாலு. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் பேனா நின்றது. 'என் குரல் பிரச்சினையை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறேன்.'

தாளை என் பக்கம் தள்ளினாள். "இது எனக்கில்ல. நீங்க போடுங்க."

நாலு போட்டேன். டாக்டரம்மா அதையும் சேர்த்துக் கூட்டி, அவளுக்குப் பாட்டிலிருந்தும் எனக்குப் பொத்தானிலிருந்தும் ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார்.