பாலத்துப் படம், நாலு காப்பி

ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க குவாட்டர்ஸ்ல ஒரு தனி வெளிச்சம் இருக்கும். வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. மூடுபனி தேயிலை மலையில இருந்து மெதுவா எறங்கி, ஜன்னல் வழியா உள்ள வந்து, சொந்தக்காரங்க மாதிரி உக்காந்துக்கும். சோறு தின்னுட்டு, பாய விரிச்சு, நானும் என் வீட்டுக்காரியும் டீவி முன்னால சாய்ஞ்சுக்குவோம். நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர். அவ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்பு டீச்சர். புள்ளகுட்டி இல்ல. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் தங்கச்சி லீவுல வந்தப்ப கொண்டாந்து குடுத்த வீடியோ டெக்குதான் எங்க சொத்து. எண்பத்து மூணு கலவரத்துக்கப்புறம் டவுனுக்குப் போய் படம் பாக்குற ஆசை எங்களுக்கு விட்டுப்போச்சு. படம்தான் எங்கள தேடி வரணும்.

பதுளை பஜார்ல ஒரு முஸ்லிம் கடைக்காரரு, நானான்னு கூப்பிடுவோம், கேசட் வாடகைக்குக் குடுத்துக்கிட்டிருந்தாரு. ஒரு நா சண்டைப்படம் கேட்டுப் போனேன். எல்லாம் வெளிய போயிருச்சுன்னு சொல்லி, யாரும் தொடாத ஒரு ஜப்பான் படத்த என் கையில திணிச்சாரு. "கொண்டு போய்ப் பாருங்க ஐயா, சும்மா கெடக்குற சாமான்" ன்னாரு. கறுப்பு வெள்ளை. அடியில இங்கிலீஷ் எழுத்து ஓடும். அவர வஞ்சுக்கிட்டேதான் அத டெக்குல போட்டேன்.

கதைன்னு பெருசா ஒண்ணுமில்ல. ஒரு தச்சன் பொழப்புத் தேடி வேற ஊருக்குப் போறான். பொண்டாட்டி ஒரு மரப்பாலத்துல நின்னு வழியனுப்புறா. அப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பாலத்துக்கு வந்து நின்னு பாக்குறா. பேச்சும் கொஞ்சந்தான். நான் அரைத்தூக்கத்துல இருந்தேன். இவ எந்திரிச்சு உக்காந்துட்டா. "என்னங்க, செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வர்றாங்க, பாருங்களேன்." "நம்மாளுங்கதான்" ன்னேன். பாலத்துல அந்தப் பொம்பள நிக்கிறப்ப விடாம மழை பெஞ்சுது. சன்ன மழை, எங்க மலையில நாள் பூரா நூல் நூலா எறங்குமே, அதே மழை. படம் முடிஞ்சு ரொம்ப நேரம் நாங்க எந்திரிக்கல. கனவுல இருந்து பாதி முழிச்ச மாதிரி இருந்துச்சு.

"படம் நல்லாருக்குங்க. மூஞ்சிதான் சரியா தெரியல" ன்னா.

நெசந்தான். அது காப்பிய வச்சு அடிச்ச காப்பிக்கும் காப்பி. மேல் ஓரம் வளைஞ்சு ஆடும், படம் பூரா கழுவுன அரிசித் தண்ணி நெறம். எனக்கு ரோஷம் வந்துருச்சு. நம்ம வீட்டம்மா ஆசைப்பட்டு ஒரு படம் பாக்குறா, அத தெளிவா காட்ட முடியலைன்னா நான் என்ன மனுஷன்? பண்டாரவளையில இன்னொரு கடையில அதே படம் இருக்குன்னு கேள்விப்பட்டு, அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய் எடுத்தாந்தேன். அதுல வெளிச்சம் கூடிப்போச்சு. மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சொவரு. வெள்ளப் பாயி மேல வெள்ள எழுத்து விழுந்து ஒண்ணும் வாசிக்க முடியல. ஆனா மரம், பலகை எல்லாம் மொத காப்பிய விட தெளிவுதான். அதுலயும் பாலத்துல மழைக் கோடு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"இதுக்கு பழசே தேவலாம் போலருக்குங்க" ன்னா.

மூணாவது காப்பி கொழும்புல இருந்து வந்துச்சு. அமெரிக்கா டேப்பாம். எங்க டெக்குக்கும் அதுக்கும் ஒத்துக்கல. படம் கீழ இருந்து மேல உருண்டுக்கிட்டே இருந்துச்சு. நான் ஸ்பிரிட்ல வேட்டித்துணிய நனைச்சு டெக்குத் தலையத் தொடச்சேன், ட்ராக்கிங் திருகாணிய அரை மணி நேரம் திருகுனேன். இவ பக்கத்துல பொறுமையா உக்காந்து, "இப்ப தெரியுதாங்க? உங்களுக்குத் தெரியுதா?" ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அந்தக் கேள்வி அப்ப என் காதுல ஏறல.

இப்படியே ரெண்டு வருஷம் போச்சு. காப்பி பாக்குறதே எனக்கு ஒரு கிறுக்காப் போச்சு. எந்தக் காப்பியில கறுப்பு கறுப்பா இருக்கு, எதுல சாம்பல், எதுல எழுத்துக்கு நெழல் விழுது, எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். நானா கடையில போய் மாருதட்டுவேன். "என் வீட்டுக்காரிக்கு இருக்கிற கண்ணு உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல நானா. எந்தக் காப்பியக் குடுத்தாலும் கொற கண்டுபிடிச்சிருவா!" அவரு சிரிச்சுக்கிட்டே, "அப்பிடி ஒரு கண்ணு ஈக்கிறது நல்லதுதானே ஐயா" ம்பாரு.

அந்த ரெண்டு வருஷத்துல சோத்துல அடிக்கடி கல்லு கடிபட்டுச்சு. ஒரு நா வெள்ளச் சட்டைக்கு நீல நூலால பொத்தான் தச்சு வச்சிருந்தா. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சப்புறம்தான் பாத்தேன். வீட்டுக்கு வந்து, "கண்ண எங்க வச்சுக்கிட்டுத் தைக்கிற?" ன்னு கத்துனேன். அவ சட்டைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

நாலாவது காப்பிய நானாவோட மச்சான் லண்டன்ல இருந்து கொண்டாந்தாரு. கடைப் பெட்டியோட வந்த ஒரிஜினல். கைக்கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். அந்த ஞாயித்துக்கெழம பனி ஜன்னல அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. டேப்பப் போட்டேன். ஐயோ, என்னத்தச் சொல்றது! பாயில ஒவ்வொரு கோரையையும் எண்ணலாம். தச்சன் இழைக்கிறப்ப பறக்குற மரத்தூளு தெரியுது. "அடியாத்தீ, என்னா தெளிவு! பாரு, பாரு!" ன்னு தொடையில தட்டிக் கத்துனேன்.

"ஆமாங்க. ரொம்பத் தெளிவா இருக்கு" ன்னா.

எனக்கு அப்படியே மெதக்குற மாதிரி இருந்துச்சு. பாலம் வந்துச்சு. பாத்தா, மழையே இல்ல! பளீர்னு வெயிலு. கைப்பிடிக் கம்போட நெழலு பலகையில வரிவரியா விழுந்து கெடக்குது. அந்தப் பொம்பள நெத்தியில கைய வச்சு வெயில மறைச்சுக்கிட்டுத்தான் தூரத்தப் பாக்குறா. ரெண்டு வருஷமா நாங்க பாத்த மழை, டேப்போட அழுக்கு. எங்க ஊருல பொறந்து வளந்தவனுக்கு எல்லாமே மழையாத்தான தெரியும்! எனக்குச் சிரிப்புத் தாங்கல. இவளே கண்டுபிடிச்சு சொல்லட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

இவ பெருமூச்சு விட்டா. "பாவங்க. இந்த மழையில ஒரு கொடை கூட இல்லாம நிக்கிறா."

நான் டீவியப் பாத்தேன். அவளத் திரும்பிப் பாத்தேன். அவ டீவியத்தான் பாத்துக்கிட்டிருந்தா. எந்திரிச்சுப் போய் டெக்க நிப்பாட்டுனேன்.

"உனக்கு என்ன தெரியுது? நெசத்தச் சொல்லு."

"மொதல்ல டேப்புதான் சரியில்லைன்னு நெனச்சேங்க. நீங்களும் அப்படித்தான சொன்னீங்க? அடுத்த காப்பியில தெரியும், அதுக்கடுத்ததுல தெரியும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க இப்ப என்னா தெளிவுன்னு கத்துனீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுபோச்சு, கொற டேப்புல இல்லைன்னு."

"பள்ளிக்கூடத்துல எப்படி சமாளிக்கிற?"

"புள்ளைங்கள வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேங்க."

மறுநாளே பதுளையில கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. அங்க போனா, கண்ணுக்குப் பின்னால நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம். போன பார்வை போனதுதான், மிச்சம் இருக்கிறத மருந்து விட்டுக் கொஞ்ச நாளைக்குக் காப்பாத்தலாம்னாங்க. "ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா..." ன்னு ஆரம்பிச்ச டாக்டரு, என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டாரு. அந்த ரெண்டு வருஷமும் நான் டேப்புக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தேன். என்னைய நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ரயில்ல வர்றப்ப அவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவதான், "ஆளுங்க பாக்கப்போறாங்க" ன்னு என்னையத் தேத்துனா.

ஆறேழு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கெழம அவளாவே கேட்டா. "அந்தப் பாலத்துப் படத்தப் போடுங்களேன். நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க." போட்டேன். பாய், மரத்தூளு, வெயிலு, நெழலு, ஒண்ணு விடாம சொன்னேன். அவ கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தா. மொத மொதலா மழையில்லாம அந்தப் பாலத்தப் பாத்திருப்பா.

"அந்தப் பொம்பள மூஞ்சியச் சொல்லுங்க" ன்னா.

சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா டீவிப் பக்கம் திரும்ப மனசு வரல. அவளையே பாத்துக்கிட்டு சொன்னேன். "நெத்தி கொஞ்சம் அகலம். வகிட்டுப் பக்கத்துல ரெண்டு நரை. எடது பொருவத்துல சின்னதா ஒரு தழும்பு. கீழ் ஒதட்டுக்குக் கீழ ஒரு மச்சம், உத்துப் பாத்தாத்தான் தெரியும்." பன்னெண்டு வருஷக் குடித்தனத்துல அந்த மச்சத்த அன்னிக்குத்தான் நான் பாக்குறேன்.

அவ கை மெதுவா மேல வந்து அந்த மச்சத்தத் தொட்டுச்சு.

"அது என் மூஞ்சிங்க" ன்னா.