ஏழு பேர் பார்த்தது, ஒருவர் கேட்டது

செவ்வாய்க்கிழமை ஒரு டெண்டர் திறந்தோம். யார் ஜெயிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டேனோ, அவர் தோற்றுப் போனார்.

கன்சல்டன்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவன் இப்படியெல்லாம் ஆசைப்படக் கூடாதுதான். பட்டேன்... என்ன செய்ய?

இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொம்மலூரில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, கட்டடங்களுக்கு வயரிங் டிராயிங் போடுகிறேன். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வேலை. ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு நாலு பிளக் பாயிண்ட் என்று முதலில் முடிவு. பிறகு டாக்டர்கள் வந்து, எட்டு வேண்டும், அதில் பாதி, கரண்ட் போனாலும் யு.பி.எஸ்.ஸில் ஓட வேண்டும் என்றார்கள். டிராயிங்கைத் திருத்தினேன். பட்டியலை — எந்த வேலை எத்தனை என்று எழுதி, கான்ட்ராக்டர்கள் ரேட் போடுவதற்காகக் கொடுப்போமே, அதை — திருத்த மறந்தேன். டிராயிங்கில் எட்டு, பட்டியலில் நாலு. இரண்டிலும் என் கையெழுத்து.

டெண்டருக்கு முன்னால் கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு, சந்தேகம் உண்டா என்று கேட்பது வழக்கம். ஏழு கம்பெனிகள் வந்திருந்தன. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. சந்தேகம் மட்டும் யாருக்கும் வரவில்லை. எங்கள் சீஃப் ஃபைலை மூடப் போனார்.

அப்போது ஸ்டெல்லா மேடம் எழுந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஒரு சின்ன கம்பெனிக்கு ரேட் கணக்குப் பார்ப்பவர். அங்கே மாசக்கணக்காகப் பெரிய வேலை இல்லை. ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும் ஆறு வயர்மேன்கள் இந்த ஆஸ்பத்திரியைத்தான் நம்பி இருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் அவரே என்னிடம் சொன்னது.

"சார், ஐ.சி.யூ.ல டிராயிங் எட்டுங்குது, லிஸ்ட் நாலுங்குது. எதுக்கு ரேட் போடணும்?"

சீஃப் லேசுப்பட்டவரா? "ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, எது கூடுதலோ அதுதான் செல்லும்னு கண்டிஷன்ல இருக்கே மேடம்."

"இருக்கு சார். ஆனா சிலர் எட்டுக்குப் போடுவோம், சிலர் நாலுக்குப் போடுவோம். அப்புறம் யார் ரேட் கம்மின்னு எப்படிப் பார்ப்பீங்க?"

கூட்டத்துக்கு வந்திருந்த ஆஸ்பத்திரி அதிகாரி சீஃபைப் பார்த்தார். சீஃப் என்னைப் பார்த்தார். "டிராயிங்தான் சரி. தப்பு என்னோடது" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? யார் தப்பு என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. மறுநாளே திருத்தம் ஏழு பேருக்கும் ஃபேக்ஸில் போனது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், இன்னொரு கான்ட்ராக்டர் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "சும்மா இருந்திருக்கலாமில்ல மேடம்? நாங்களும்தான் பாத்தோம். நாலுக்குப் போட்டு வேலையப் புடிச்சிட்டு, கண்டிஷன் என்ன சொன்னாலும் மிச்சத்த அப்புறம் எக்ஸ்ட்ரான்னு சண்டை போட்டு வாங்கியிருக்கலாம்."

ஆக, எல்லாருமே பார்த்திருக்கிறார்கள்!

"எனக்கு ரேட் போடத்தான் தெரியும் சார். எக்ஸ்ட்ராவுக்கு சண்டை போடத் தெரியாது" என்றார் மேடம்.

அவரும் வாயைத் திறக்காமல் நாலுக்குப் போட்டிருந்தால், வேலை கிடைத்திருக்கலாம். அது தெரிந்தேதான் கேட்டார். நானாக இருந்தால் கேட்டிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் மனசார வியந்தவர்கள் ரொம்பக் கம்மி. அந்த வரிசையில் இவருக்குத்தான் முதல் இடம்.

செவ்வாய்க்கிழமை கவர்களைப் பிரித்தோம். மேடம் கம்பெனி இரண்டாவது. கொஞ்ச வித்தியாசம்தான்.

மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் போன் போட்டேன்.

"வருத்தமா மேடம்?"

"வருத்தம்தான் சார். ரெண்டு பேரை வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டோம்."

"பேசாம இருந்திருக்கலாம்னு தோணலையா?"

"தோணுச்சு சார். காலைல வரைக்கும் தோணுச்சு." பிறகு பேப்பர் புரட்டும் சத்தம். "சார், உங்க ஆபீஸ்லேந்து அடுத்த டெண்டர் வந்திருக்கே, காலேஜ் ஹாஸ்டல்... அதுல பதினோராம் பக்கத்துல ஒரு டவுட்டு. ஃபேக்ஸ் அனுப்பியிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். பதினோராம் பக்கமும் நான் போட்டதுதான்.