வேப்பிலையைத் தாண்டிப் போனேன்

வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் அலுவலக வேலை பார்ப்பவன், பட்டம் படித்தவன். ஆனாலும் காய்ச்சலின் நான்காம் நாள் மகளின் காலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டு, எங்களோடு இருக்கும் அக்கா "ஏலே, அம்மா வந்திருக்கா" என்றதும் மறுபேச்சில்லாமல் இலை ஒடிக்கப் போனேன். மாத்திரையை நிறுத்தினோம். ஊசி கூடாது, தாளிப்பு கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

"பாத்தியா, அம்மா குளுந்துட்டா" என்றாள் அக்கா.

மகளோ எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். வாந்தி நிற்கவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பியதில் இரத்தம்.

அம்மைக் கொப்புளத்தை நாங்கள் முத்து என்போம். நீர் கோத்து எழும்பி நிற்கும், கைக்குத் தட்டுப்படும். அவள் காலைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை.

"இது அம்மை இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

"ஏலே, இந்நேரம் வாசப்படி தாண்டுனா பிள்ளைய உயிரோட பாக்க மாட்டே!"

"தாண்டலேன்னாத்தான் பாக்க மாட்டேன்."

கொத்தை அவிழ்க்கப் பொறுமையில்லை. இலை நெற்றியில் உரச, மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

டெங்கு.

"அம்மை வைரஸ் ஒரு குடும்பம், இது வேற குடும்பம்" என்றார் டாக்டரம்மா. "அது தோல்ல கொப்புளம் போடும். இது தோலுக்கடியில ரத்தத்தக் கசிய விடும். காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்தே. இன்னும் ஒருநா வச்சிருந்தீங்கன்னா..."

அவர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை.

மகள் பிழைத்தாள். வீடு திரும்பிய அன்றே, குழாயில் தண்ணீர் எப்போது வருமோ என்று நிரப்பி வைத்திருந்த டிரம்மைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் கொசுப்புழு நெளிந்தது.

"அம்மனுக்குக் குத்தம் வச்சுட்டே. மாவிளக்குப் போடு" என்றாள் அக்கா.

"போடுதேன். அம்மனுக்கும் எனக்கும் என்ன சண்டை? டிரம்ம மூடாம விட்டேம்லா, அதுதான் குத்தம்."

போன வாரம் எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றார்கள். போய்க் கதவைத் தட்டினேன்.

"பெரிய டாக்டரு கெளம்பிட்டாரு" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

கிளம்பிவிட்டேன்தான்.

"பிள்ள கால ஒருக்காத் தடவிப் பாத்துட்டுப் போயிருதேன்" என்று சொல்லி, கொத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.