கூடாரத்துக்குள் இருந்தவர்கள்

"அம்மா, வெள்ளிக்கிழமை என்னைக் கொல்லப் போகினம்," என்றாள் என் மகள், பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே.

என் கையில் இருந்த கோப்பை மேசையில் இடித்துத் தேநீர் சிந்தியது. அவள் சிரித்தாள். நான் எதற்கும் திடுக்கிடுகிறவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். பலூன் வெடித்தால், குப்பை லொறி தொட்டியைத் தொப்பென்று கீழே வைத்தால், புதுவருட வாணவேடிக்கை தொடங்கினால், என் உடம்பு என்னைக் கேட்காமலே எதையாவது செய்துவிடும். இத்தனைக்கும் சிட்னியில், வெஸ்ட்மீடில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் நாள் முழுக்க மற்றவர்களின் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுகிறவள் நான். அங்கே என் கை நடுங்கியதே இல்லை.

"ஆர் உன்னைக் கொல்லுறது?"

"சின்னப் பிரபு. நான் பெரிய பிரபு. ஹிஸ்டரி கிளாஸ் அம்மா, ரிலாக்ஸ்."

எட்டாம் வகுப்பில் அவர்களுக்கு ஜப்பான் வரலாறு. நாடு முழுவதும் பிரபுக்கள் ஒருவரை ஒருவர் விழுத்திக்கொண்டிருந்த காலத்துச் சண்டை ஒன்றைப் பள்ளிக்கூட மைதானத்தில் நடித்துக் காட்டப்போகிறார்களாம். ஒகேஹசாமா என்று ஓரிடம். பெரிய பிரபு ஒருவர் தலைநகரத்தைப் பிடிக்கும் நோக்கத்தோடு படையுடன் புறப்பட்டார் என்பார்கள். இருபத்தைந்தாயிரம் பேர். வழியில் குறுக்கே நின்ற சின்னப் பிரபுவிடம் மூவாயிரம் பேர்கூட இல்லை. அவருடைய ஆட்களே கோட்டைக்குள் பூட்டிக்கொண்டு இருப்போம் என்று சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. விடியற்காலையில் எழும்பி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கூட நாலைந்து பேர் வந்தால் போதும் என்று குதிரையில் ஏறிப் போய்விட்டார். மற்றவர்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"எல்லாருக்கும் சின்னப் பிரபுவின்ர பக்கம் போகத்தான் விருப்பம்," என்றாள் மகள். "அவைதானே வெல்லுறது. பெரிய பிரபுவா நிக்க ஒருத்தரும் வரேல்லை. நான்தான் கை உயர்த்தினன். எனக்கு நல்ல உடுப்பு."

அன்று பின்னேரம் குசினியில் நான் கத்தரிக்காய் வெட்ட, அவள் கதிரையில் ஏறி நின்று தன் பகுதியை நடித்துப் பார்த்தாள். காலையில் சின்னப் பிரபுவின் எல்லைக் கோட்டைகள் இரண்டு விழுந்துவிட்டன. பெரிய பிரபுவுக்குச் சந்தோஷம். பள்ளத்தாக்கான ஓரிடத்தில் கூடாரம் அடித்து, படையை ஆறவிட்டு, சாப்பாடும் குடியுமாக இருக்கிறார்கள். அப்போது பெரிய மழை வருகிறது. மழையோடு மழையாகச் சின்னப் பிரபுவின் ஆட்கள் மலைப்பக்கத்தால் நெருங்கிவிடுகிறார்கள். வானம் வெளித்ததும் பாய்கிறார்கள்.

"பிறகு வெளியில ஒரே சத்தம். பெரிய பிரபு என்ன நினைச்சவர் தெரியுமோ? தன்ர ஆக்கள் குடிச்சுப்போட்டுத் தங்களுக்குள்ள அடிபடுகினம் எண்டு நினைச்சவர். சத்தம் போடாமல் இருங்கோ எண்டு கத்துறார். அப்ப ஒருத்தன் ஈட்டியோட வாறான். அப்பதான் அவருக்கு விளங்குது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"விளங்கினாப் பிறகு?"

"சண்டை பிடிக்கிறார். ஒருத்தன்ர முழங்காலை வெட்டுறார். ஆனா மற்றவன் தலையை எடுத்திடுவான். தட்ஸ் இட். பெரிய பிரபுவின்ர ஆக்கள் எல்லாரும் திரும்பி ஓடீடுவினம்."

அவளுக்கு அது கதை. எனக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும்.

இலங்கையில் சண்டை நடந்த காலம், எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது நாங்கள் இடம்பெயர்ந்து வந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் தறப்பாளைக் கூடாரமாகக் கட்டி இருந்தோம். அங்கே குண்டு ஒன்றும் விழாது என்று எல்லோரும் சொன்னார்கள். மாரி மழை. வானம் முழங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தறப்பாளில் இருந்த அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. நான் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இடிதான் பிள்ளை, பயப்பிடாதை, இந்தா குடி" என்று கோப்பையை நீட்டினா. நானும் இடி என்றுதான் நம்பினேன். கோப்பையை வாங்கக் கை நீட்டினேன். அது இடி இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் பயப்படுவது குண்டுக்கு இல்லை. இங்கே எவரும் எனக்குக் குண்டு போடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். சத்தம் வந்து, அது என்ன என்று தெரிய முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதற்குத்தான் பயம். என் மகள் கதிரையில் ஏறி நின்று சிரித்தபடி நடித்துக் காட்டியது அதைத்தான். அவளிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். லிட்கம் ஸ்டேஷனில் இருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். நல்ல வெயில். தார் ரோட்டில் இருந்து சூடு முகத்தில் அடித்தது. மைதானத்தின் தூரத்து ஓரத்தில் பெரிய யூகலிப்டஸ் மரமொன்றின் கீழே, நிழலுக்காக, வெள்ளைக் கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். அதுதான் பெரிய பிரபுவின் பாளையம். மகளும் அவளுடைய வீரர்கள் ஐந்தாறு பேரும் உள்ளே. விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குப் பின்னால் சின்னப் பிரபுவின் படை, அட்டை வாள்களோடு. மற்றப் பிள்ளைகளும் பெற்றோரும் இந்தப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரு ஜப்பானியத் தாய். கொடிகளையும் உடுப்புகளையும் அவர்தான் தைத்துக் கொடுத்திருந்தார். தான் அந்தச் சண்டை நடந்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "இப்போது அது வீடுகளுக்கு நடுவில் ஒரு பூங்கா. செத்தவர்களுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாருக்கும்."

"தோற்றவர்களுக்குமா?"

"அவர்கள்தானே அதிகம்," என்றார்.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெற்கே வானம் நிறம் மாறியிருந்தது. கறுப்பில்லை. காயம் பட்ட இடம் கன்றிப்போனால் வருமே, அந்தப் பச்சை. நான் ஆசிரியையிடம் போய், பிள்ளைகளை மரத்துக்குக் கீழே இருந்து எடுத்துவிடலாமே என்று கேட்டேன். இளம் பெண், நல்ல பெண். மழை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று போனில் படத்தைக் காட்டி, "இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுவோம்" என்றார். சொன்ன வாய் மூடவில்லை, காற்று வந்துவிட்டது. சிட்னியில் இருப்பவர்களுக்கு அந்தத் தெற்குக் காற்றைத் தெரியும். கொதித்துக்கொண்டிருந்த ஊர் ஒரே அடியில் குளிர்ந்து போகும். கொடிகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. மழை சரிந்து வரவில்லை, கொட்டியது. மைதானத்தின் மறுபக்கம் காணாமல் போயிற்று.

ஆசிரியை விசில் ஊதினார். எல்லோரும் திரும்பி வாருங்கள் என்ற அர்த்தத்தில்தான் ஊதினார். அறைக்குப் பின்னால் நின்ற படைக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. கதையில் வந்த மழையே வந்துவிட்டது, விசிலும் அடித்துவிட்டது. "ஓ" என்று கத்திக்கொண்டு, அட்டை வாளை உயர்த்தி, அந்த மழைக்குள் பாய்ந்து ஓடினார்கள். கூரைக்குக் கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். போனில் படம் எடுத்தார்கள்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒன்று. தொடர்ந்து நிலத்தில் பாரமாக ஏதோ இறங்கியது.

நான் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தேன். எப்போது படுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு தகப்பனின் சப்பாத்து. அவர் குனிந்து "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், என்னைப் பார்த்து அல்ல, மைதானத்தைப் பார்த்து. அங்கிருந்து கூச்சல் வந்துகொண்டிருந்தது. "நல்லா நடிக்குதுகள்," என்றது ஒரு குரல்.

அந்தக் கூச்சலில் ஏதோ ஒன்று மாறிவிட்டது. விளையாட்டுக்குக் கத்துகிற பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவார்கள், ஒன்றாக ஓய்வார்கள். இது தனித்தனியாக வந்தது. ஒரு குரல் நின்ற பிறகு இன்னொரு குரல். நடுவில் வெறுமை.

எழும்பி ஓடினேன். ஆலங்கட்டி விழத் தொடங்கியிருந்தது. தலையிலும் தோளிலும் கல்லெறிந்த மாதிரிப் பட்டது. பின்னால் ஒருவர் ஓடி வருவது தெரிந்தது. அந்த ஜப்பானியத் தாய்.

மரத்தின் கொப்பு ஒன்று, ஆள் இடுப்பளவு பருமனாக, கூடாரத்துக்குக் குறுக்கே கிடந்தது. வெள்ளைத் துணி முழுக்க நிலத்தோடு நிலமாக, ஈரமாக, உள்ளே ஏதோ அசைய அசைய. சுற்றி வர சின்னப் பிரபுவின் படை நின்றது. வாளெல்லாம் நனைந்து தொங்கியது. முன்னால் நின்ற பிள்ளை "சொரி, சொரி, சொரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தாங்கள் ஓடி வந்ததால்தான் விழுந்தது என்று அது நினைத்துவிட்டது.

நான் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே இருந்து பதில் வந்தது. ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளை. ஒருவன் அழுதான். துணியின் ஓரத்தால் மூன்று நான்கு பேர் தவழ்ந்து வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. அவளுடைய குரலும் வரவில்லை.

"பிள்ளை! பிள்ளை!"

ஒன்றுமில்லை. ஆலங்கட்டி மட்டும் துணியில் தடதடவென்று.

அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேனா, கத்தினேனா, எதுவும் ஞாபகமில்லை. பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தாய் இடுப்பில் கட்டியிருந்த பையில் இருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்து, துணியில் குத்தி, நீளமாகக் கிழித்துக்கொண்டு போனார். நான் கிழிசலுக்குள் தலையை விட்டேன். உள்ளே வெள்ளை வெளிச்சம். மகள் குப்புறக் கிடந்தாள். கூடாரத்தின் இரும்புக் கம்பி அவள் முழங்கைக்கு மேல். அவளுக்குக் கீழே வகுப்பிலேயே சின்னவளான ஒரு பிள்ளை, கண்ணை இறுக மூடிக்கொண்டு. மகளின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது, குரல் இல்லை. இரண்டு பேரும் கம்பியைத் தூக்க, ஓடி வந்த ஆசிரியை பிள்ளைகளை இழுத்தெடுத்தார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"நான் அவை சும்மா கத்துகினம் எண்டு நினைச்சன்," என்றாள் மகள், மூச்சு வந்ததும். "சத்தம் போடாதேங்கோ எண்டு சொல்ல எழும்பினனான். பிறகு இவள் விழுந்திட்டாள், நான் இவளுக்கு மேலால கவிண்டிட்டன்."

கதையில் அந்தப் பிரபுவுக்கு நடந்ததைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மகளின் கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சின்னப் பிள்ளைக்கு நெற்றியில் தையல். வேறு எவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. கொப்பு ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் என்று அம்புலன்ஸில் வந்தவர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டுவிட்டு இருக்கும்போது என் கணவர், இவர், வேலையில் இருந்து நேராக வந்து சேர்ந்தார். மகளின் காலைத் தொட்டுப் பார்த்தார், மற்றக் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "உமக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். என் முழங்கால் இரண்டிலும் ரத்தம் காய்ந்திருந்ததை அவர் சொன்ன பிறகுதான் கண்டேன்.

"அம்மா நிலத்தில படுத்தவவாம்," என்றாள் மகள். வகுப்புப் பிள்ளைகள் போனில் எழுதிவிட்டார்கள். வெட்கமா கோபமா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஏன் படுத்தனீங்கள்?"

இவர் கதையை மாற்றப் பார்த்தார். நான் கையைக் காட்டி மறித்தேன். தறப்பாளைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், இடி என்று நினைத்ததைச் சொன்னேன். திரை போட்ட அந்தச் சின்ன இடத்தில், பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருக்க, தாழ்ந்த குரலில்.

"அந்த அன்ரிக்கு என்ன நடந்தது?"

"செத்துப் போனா."

"உங்களுக்கு முன்னாலயோ?"

"ஓம்."

அவள் மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடிப்பது மாதிரி, விரலில் சுற்றி.

பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. இப்போது வீட்டில் இரண்டு பேர் திடுக்கிடுகிறோம். காற்று எழும்பினால் அவள் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அதைப் பார்க்கிறபோது நான் நினைப்பேன், என்னிடம் இருந்து போகவேண்டியது, அவளிடமும் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று. இவர்தான் சொல்லுவார், மேலே மரம் விழுந்த பிள்ளை மரத்துக்குப் பயப்படாமல் வேறு என்ன செய்யும் என்று. பள்ளிக்கூடத்தில் பயந்த பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லுகிற ஒரு பெண்ணிடம் போய்க் கதைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். போகிறாள். என்னையும் போகச் சொன்னாள். நானும் ஒருவரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன்.

போன மாதம் அந்த நெற்றித் தையல் பிள்ளைக்குப் பிறந்தநாள். பூங்காவில் கொண்டாட்டம். பெரிய கூடாரம் அடித்து, உள்ளே கேக்கும் சமோசாவும் வைத்திருந்தார்கள். நல்ல வெயில், எல்லோரும் உள்ளே போனார்கள். மகள் வாசலில் நின்றுவிட்டாள். நான் புல்லில் பெட்ஷீட்டை விரித்தேன். வெளியே, கொதிக்கிற வெயிலில், தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பிறந்தநாள் பிள்ளையே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு இருந்தாள். பிறகு அந்த ஜப்பானியத் தாய் வந்தார். வியர்வை வழிய வழிய நாலு பேரும் கேக் சாப்பிட்டோம். க்ரீம் உருகிக் கையெல்லாம் ஓடியது.