பாலத்து ஏற்றத்தில் படுத்தவர்கள்

என் புருஷன் தியன்சிங்குக்குப் பொறுமை என்பதே கிடையாது. நூடுல்ஸ் ஆறும்வரை காத்திருக்க மாட்டார், நாக்கைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டுவார். ஆனால் ஒரு வண்டியின் ரேடியேட்டரில் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டால் மனுஷன் சாமியாராகிவிடுவார். வண்டியை மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். கடைசிக் குமிழ் உடையும்வரை எழுந்திருக்க மாட்டார். எங்கள் யுன்லின் வட்டாரத்தில் அவர் கைபட்ட எந்த வண்டியும் கொதித்து நடுரோட்டில் நின்றதில்லை, எங்கள் சொந்த லாரியைத் தவிர.

அது நின்றது எங்கள் கடல்தெய்வம் மாட்சு அம்மாவின் ஊர்வலத்தன்று. அதுவரை பத்தொன்பது வருஷமாக அம்மாவின் பல்லக்குக்கு முன்னால் மேளக்காரர்களை ஏற்றிப் போனது எங்கள் லாரிதான். முந்தின நாள் அதன் ரேடியேட்டருக்குப் புதுக் குழாய் மாற்றினார். ஊரார் வண்டிக்கெல்லாம் மேடு தேடுகிறவர், சொந்த வண்டிக்குத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுச் சாப்பிட வந்துவிட்டார். மறுநாள் நத்தை வேகத்தில் உருண்டதில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது.

"உன்னாலதான்! சாப்பிட வா, சாப்பிட வான்னு நீ கத்துன கத்துல மறந்துட்டேன்" என்றார்.

"ஆமா, குழாய்க்குள்ள காத்த நான்தான் ஊதிவிட்டேன்!"

எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்று இருப்பது ஆற்றுப் பாலத்தின் ஏற்றம் மட்டும்தான். அதில் ஓரமாக நிறுத்தினார். ஊர்வலக் கமிட்டித் தலைவர் சுவா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"இங்க பாரு தியன்சிங், பல்லக்கு உன் லாரியைத் தாண்டிருச்சுன்னா ஹொங் லாரி முன்னால போயிரும். அப்புறம் அடுத்த வருஷமும் அவன்தான்."

பின்னாலேயே புது லாரியில் ஹொங். வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தான். "அண்ணே, வேணும்னா கயிறு கட்டி இழுத்துட்டுப் போகட்டுமா?"

இவருக்குக் காது சிவந்துபோயிற்று. இஞ்சின் ஆறட்டும் என்று அவர் காத்திருந்தது எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். இஞ்சினை ஓடவிட்டு, நான் தண்ணீர் ஊற்ற, அவர் முன்சக்கரத்தருகே சாலையில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டுக் குழாயைப் பிசைந்தார். குமிழ்கள் ஒவ்வொன்றாக, ரொம்ப நிதானமாக வந்தன.

தொப்பி போட்ட ஒரு காய்கறிக்காரி வந்து நின்றாள். பல்லக்கு தலைக்கு மேல் போனால் பீடை போகும் என்று எல்லோரும் சாலையில் வரிசையாகப் படுக்கிற நாள் அது. ஆனால் முச்சந்தியில் அம்மா சந்தைப் பக்கம் திரும்புவாளா, பாலத்துக்கு வருவாளா என்று பல்லக்கைத் தூக்குகிறவர்களுக்கே தெரியாது, அவள் இழுத்த பக்கம் போவார்கள். நாங்களும் உத்தேசமாகத்தான் முன்னால் போவோம்.

"ஏம்மா, அம்மா இந்த வழியாவா வர்றா? இவரு இப்பவே படுத்துட்டாரே!"

ரிப்பேர் பார்க்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குள் ஏதோ ஒரு பிசாசு புகுந்துகொண்டது.

"பத்தொன்பது வருஷமா அம்மாவுக்கு முன்னால போறவரு. தெரியாமயா படுப்பாரு?"

அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் காலடியில் குப்புறப் படுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம். அப்புறம் ஒரு பஸ் நிறையப் பக்தர்கள். கால்மணி நேரத்தில் நாற்பது பேர் ஆகிவிட்டது.

"பிஹோங், யாரு என் காலை இடிக்கிறது?" என்று கீழேயிருந்து என்னைக் கேட்டார் இவர்.

"பேசாம அமுக்குங்க."

ஹொங் இறங்கி ஓடிவந்தான். "அவன் ரிப்பேர் பாக்குறான்யா! எந்திரிங்க!"

"பொறாமை புடிச்சவனே, இஷ்டம்னா படு, இல்லேன்னா வாய மூடு" என்றாள் காய்கறிக்காரி, தலையைத் தூக்காமலே.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அம்மா சந்தைப் பக்கம் போய்விட்டால்? அவள் பேரைச் சொல்லி நாற்பது பேரை ஏமாற்றியிருக்கிறேனே! அந்த நேரம் பார்த்துப் பட்டாசு வெடித்தது. பல்லக்கு பாலத்துப் பக்கம் திரும்பியது. யாரோ, "என்னம்மா நிக்கிற, கடைசில இடம் இருக்கே" என்று இழுத்தார்கள். ஓடிப்போய் வால்முனையில் படுத்தேன். பல்லக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

என் மேல் வந்தது. நின்றுவிட்டது.

தூக்குகிறவர்கள் எவ்வளவு தம் கட்டியும் ஓர் அடி நகரவில்லை.

"தாயே, தப்புத்தான்" என்று முணுமுணுத்தேன். "ஆனா நீயே சொல்லு, அந்த ஹொங் மூஞ்சியைப் பாத்தா யாருக்குத்தான் விட்டுக்கொடுக்க மனசு வரும்?"

நகரவில்லை. தார் என் கன்னத்தைச் சுட்டது.

"சரி, சரி! பொய்தான் சொன்னேன். எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

அப்போது முன்னால் தியன்சிங்கின் குரல் கேட்டது. "போயிருச்சு காத்து! முள்ளு இறங்கிருச்சு! பிஹோங், ஏறு!"

நான் எங்கே ஏறுவது? என் தலைக்கு மேல் அம்மா நிற்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மேளம் முழங்க லாரியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பல்லக்கு என் மேலிருந்து அசைந்தது.

எழுந்ததும் ஆளாளுக்கு என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "அம்மா உன்மேல எவ்வளவு நேரம் நின்னா! கொடுத்துவச்சவ!" சுவாவே இறங்கி வந்து கும்பிட்டார்.

வாக்குக் கொடுத்து ஏழு வருஷமாகிறது. முன்னால் போவது இன்றும் எங்கள் லாரிதான். ஹொங்கைத் தவிர எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவனுக்குத்தான் அன்றைக்கே தெரியுமே!