பண்ருட்டித் தண்ணீரோடு உப்பளத்துக்கு

காலை ஆறு மணி பஸ்ஸில் பண்ருட்டியில் ஏறினேன். எழுபதுகளின் கடைசி. எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பலா நன்றாகக் காய்த்திருந்த வருஷம். மடியில் ஒரு கேன், அது நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

கண்டக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பாண்டிலேர்ந்து தண்ணி கொண்டாறவன ஆயிரம் பேரப் பாத்துட்டேன். பாண்டிக்குத் தண்ணி கொண்டும்போற மொத ஆளு நீதான்யா" என்றார். பஸ்ஸே சிரித்தது.

எனக்குக் கோலி சோடாக் கடை. கல்யாண வீடுகளில் பெயர் போட்ட பாட்டில்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. புதுச்சேரி உப்பளத்தில் கிளி மார்க் கலர் சோடா போடுகிறவர் வெளியூர்க்காரர்களுக்குத் தன் பெயரைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எசன்சும் மூடியும் பெயர்ப் பலகையும் அவருடையவை. மெஷினும் பாட்டிலும் தண்ணீரும் நம்முடையவை. ஊருக்கு ஒரே ஆள், எல்லை தாண்டி விற்கக்கூடாது. பண்ருட்டிக்கு இன்னும் ஆள் இல்லை. பலகை கிடைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு முந்திரி உடைக்கப் போவது என்று நானும் வீட்டுக்காரியும் பேசி வைத்திருந்தோம்.

கடலூர் வரை இருபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து புதுச்சேரி இருபத்திரண்டு. கன்னியக்கோயில் எல்லை தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரரிடம் வழி கேட்டு, கடல் காற்று முகத்தில் அடிக்க உப்பளத்துக்கு நடந்தேன்.

கம்பெனிக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். அந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசே என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரிடம் ஒரு வழக்கம். ஏற்கெனவே பலகை வாங்கிய மற்ற ஊர்க்காரர்கள் எசன்ஸ் வாங்க வரும் நாளில்தான் புது ஆளைப் பார்ப்பார். புது ஆள் தன் ஊர்த் தண்ணீரில் கலர் போட வேண்டும். மற்ற ஊர்க் கலரோடு அதையும் வரிசையில் வைக்க, பழையவர்கள் எல்லா கிளாசையும் குடித்துப் பார்ப்பார்கள். புது ஆளின் கிளாஸ் எது என்று அவர்களுக்குத் தெரியாமல் போனால்தான் பலகை.

பாகு, எசன்ஸ் எல்லாம் அவர் சொன்ன அளவில் ஊற்றினேன். காஸ் ஏற்றினேன். பக்கத்தில் வேலையாட்கள் கஞ்சிக்கு வைத்திருந்த உப்புச் சட்டி. என் கை அதற்குள் போய் வந்தது எனக்கே தெரியாது.

திண்டிவனத்துக்காரர் ஒரு வாய்தான் குடித்தார். "இதான் பண்ருட்டி" என்றார்.

"எப்புடிய்யா கண்டுபுடிச்சே?" என்றார் முசே.

"இது நல்லாருக்கு முசே."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முசே கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப பலகை கெடையாது."

"நல்லாருக்கறது தப்புங்களா?" என்றேன்.

"தப்புதான். ஒன் ஊர்ல இதக் குடிச்சவன் நாளைக்குத் திண்டிவனத்துல குடிப்பான். கிளி கெட்டுப் போச்சும்பான். இவரு பொழப்பு போவும்."

"என் பொழப்ப ஏன் முசே இழுக்கறீங்க?" என்றார் திண்டிவனத்துக்காரர். "அவுரு இன்னா போட்டாருன்னு கேளுங்க. நானும் போட்டுட்டுப் போறேன்."

என் விரலைப் பார்த்தேன். உப்பு ஒட்டியிருந்தது. முந்திரித் தோப்பில் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குக் கலரில் ஒரு சிட்டிகை போட்டால்தான் இறங்கும். போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது என்று சொன்னேன்.

முசே என் கிளாசை முழுக்கக் குடித்தார். இன்னொன்று ஊற்றச் சொல்லி அதையும் குடித்தார். நான் மெஷின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த தபா எசன்ஸ்லியே உப்பு வரும். எல்லா ஊருக்கும்" என்றார். "ஆனா நீ தனியா ஒரு கல்லு போட்டாலும் பலகையக் கழட்டிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் முசே."

சாயங்கால பஸ்ஸில் பலகையை நிறுத்தி வைத்து, கிளி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கிளி அப்புறம் ஊர் ஊராகப் பறந்தது. சேதராப்பட்டு பேக்டரி வாசல் வரைக்கும் பலகை வந்துவிட்டது. சில வருஷம் கழித்துக் கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் வீட்டுக்காரியும் புதுச்சேரி போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் கிளி கேட்டேன்.

"பெருசு, நீ எந்த ஊரு?" என்றார் கடைக்காரர்.

"பண்ருட்டி."

"அங்கயும் கெடைக்கும். ஆனா இந்தக் கைப்பக்குவம் வராது. கலர்ல உப்புப் போடறது எங்க பாண்டிக்காரன் கண்டுபுடிச்சது."

வீட்டுக்காரி வாயைத் திறக்கப் போனாள். அவள் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தேன்.